நகல் ஒன்று இரண்டு ரூபாய்

செக்காலை ரோட்டில், வங்கிக்கு எதிரே,
எட்டடிக்குப் பத்தடி என் கடை.
பலகையில் இருப்பது: ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
பலகையில் இல்லாதது
கம்ப்யூட்டரில் 'டவுன்லோட்ஸ்' என்றொரு மூலை.
அங்கே பதினோராயிரத்துச் சொச்சம் முகங்கள்.

நான் திருடவில்லை.
அவர்களே அனுப்பினார்கள், வாட்ஸாப்பில்,
"அண்ணே, பேங்க் மூடிருவாங்க" என்று.
ஆதார் முன்பக்கம், பின்பக்கம், பாஸ்புக்,
ஒருமுறை கைதவறி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்.
ஏழு வாரம் என்றிருந்தது அதில்.
அனுப்பியவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.
பார்த்தேன்.
பார்க்காததுபோல் சில்லறை கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் நனைந்த பேப்பரில் செய்தி வந்தது:
தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் வந்துவிட்டன,
முழுசாக அமலாக ஒன்றரை வருஷம்,
மீறினால் அபராதம் இருநூற்றைம்பது கோடி வரை.
ஆடிட்டர் ஆபீஸ் வயிரவன்
"உங்களுக்குத்தாண்ணே" என்றான்.
சிரித்தோம்.
என் கடை அட்வான்ஸே நாற்பதாயிரம்.

தை பிறந்து நாலாம் நாள் பெரியநாயகி வந்தாள்.
புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவள்,
தலைமுடியில் உமி.
வாங்காத கடனுக்கு
நடுராத்திரியில் இந்தியில் திட்டுகிறார்களாம்.
அவள் முகத்தை
யாருடைய உடம்பிலோ ஒட்டி
மில் சூப்பர்வைசருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
போனை நீட்டினாள். உடம்பைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாள்.
"முகம் மட்டும் பாருங்க.
காதோரம் ஒரு கோடு ஓடுதுல்ல,
அது உங்க மிஷின் கோடு."

என் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு.
மூன்று வருஷமாக மாற்ற நினைக்கிறேன்.
இந்த ஊரில் பாதிப் பேருக்கு
இடது காதின்மேல் அந்தக் கோடு ஓடுகிறது.

"நான் யாருக்கும் கொடுக்கலம்மா."
"தெரியும். நான்தான் கொடுத்தேன்,
சிம் கார்டு விக்கிறவன்ட்ட, குழு லோனுக்கு, கேஸ் ஏஜென்சியில,
எல்லா இடத்துலயும் உங்க காப்பி.
எந்த வாசல் திறந்து கெடந்துச்சுன்னு தெரியல.
தெரிஞ்ச வாசல மட்டுமாவது மூடுவோம்.
அழிங்க."

பேரைத் தட்டினேன். முப்பத்தொரு பெரியநாயகிகள் வந்தார்கள்.
கடைசி நாலு எண்ணைச் சொன்னாள்,
கூட்டத்தில் தன் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.
அழித்தேன்.
"அந்தக் குப்பைத்தொட்டி படத்துக்குள்ள கெடக்குமாமே?"
அதையும்.
"வாட்ஸாப்புல?"
அதையும்.
"கோணலா விழுந்த காப்பியெல்லாம் என்ன செய்வீங்க?"

எதிர்ப் பலகாரக் கடைக்கு, கிலோ எட்டு ரூபாய்.
சொல்ல வாய் வரவில்லை.
அவள் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
யாரோ தின்று போட்ட வெள்ளைப் பணியாரத்தின் எண்ணெயில்
பள்ளத்தூர்க்காரர் ஒருவர்
கண்ணாடிபோல் துலங்கிக் கிடந்தார்,
பிறந்த தேதியோடு.

"அழிச்சதுக்கு ஒரு எழுத்து வேணும்" என்றாள்.
தட்டச்சு செய்தேன்.
பெரியநாயகி, த/பெ, கதவு எண், தெரு, கைபேசி.
முடித்துப் பார்த்தால்
அழித்ததெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.
அவளும் பார்த்துவிட்டாள்.

"என் தெரு வேண்டாம்."
எடுத்தேன்.
"நம்பர் வேண்டாம். அப்பா வேண்டாம்."
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு
"பேரும் வேண்டாம்" என்றாள்.
மிச்சமிருந்தது ஒரு வரி:
இன்று ஒருவருடையதை அழித்தேன்.

"யார் அழிச்சதுன்னு வேணாமா?
உங்க பேரப் போடுங்க. உங்க அப்பா பேரு. வீட்டு அட்ரஸ்."
போட்டேன்.
"ஆதார் காப்பி ஒண்ணும் வைங்க கூட."

பர்ஸிலிருந்து என் அட்டையை எடுத்துக்
கண்ணாடியில் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் ஓடியது.
தாள் சூடாக வந்தது.
என் இடது காதின்மேல் அந்தக் கோடு.

இரண்டு ரூபாயை மேசையில் வைத்தாள்.
என்னை நான்காக மடித்து
மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு
புதுவயல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

எதற்கு, யாரிடம் காட்டுவாய், எத்தனை நாள் வைத்திருப்பாய்,
கேட்டிருக்கலாம்.
பதினோராயிரம் பேரில் ஒருவர்கூட
என்னை அப்படிக் கேட்டதில்லை.